டர்பன் ஆசிரியருக்கு எது உதவும்: ஐ.க்யூ.எம்.எஸ்.ஸா, க்யூ.எம்.எஸ்.ஸா?

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் ஆசிரியர் மதிப்பீட்டுக்கு அரசுக்கும் ஆசிரியர் சங்கங்களுக்கும் இடையிலான 2003 ஒப்பந்தத்தில் ஐ.க்யூ.எம்.எஸ். (ஒருங்கிணைந்த தர மேலாண்மை முறை) வந்தது. 2020 ஒப்பந்தம் அதை மாற்றி க்யூ.எம்.எஸ். (தர மேலாண்மை முறை) கொண்டுவந்தது. இரண்டிலும் சம்பள உயர்வு மதிப்பீட்டோடு பிணைந்ததுதான்.

பழையதில் துறைத்தலைவரோடு, ஆசிரியரே தேர்ந்தெடுத்த சக ஆசிரியர் ஒருவரும் வகுப்பைப் பார்ப்பார். படிவம் நிரப்பியே கை ஓயும். நட்புக்காக மார்க் போடவும் இடமுண்டு. புதியதில் மதிப்பிடுவது நேர் மேலதிகாரி, பெரும்பாலும் துறைத்தலைவர். வேலை குறைவு, சரி. ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தமிழ் எடுக்கும் டீச்சரை நினைத்துப் பாருங்கள். துறைத்தலைவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பிள்ளைகள் ழகரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வகுப்பு அமைதியாக இருந்ததா என்றுதான் எழுதுவார்.

மார்க் போடப் புதியது போதும். கற்பித்தலுக்குக் கைகொடுக்க, தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்துப் பள்ளியிலிருந்தாவது கூப்பிடலாம்.