பகல் மின்தாரையா, இரவுக் குமிழியா?

பூமியின் காந்தப்புலம் கிடையாகப் படுத்திருக்கும் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் நுனியை ஒட்டிப் போகிறது. அதனால் யாழ்ப்பாணத்துக்கு மேலே அயன்மண்டலத்தில், அதாவது அயனாகிய மேல்வளிப் படையில், பிளாஸ்மா (அயன்களும் இலத்திரன்களும் கலந்த வாயு) இரண்டு விதமாகக் குழம்பும். இங்கே பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்கு எதை எடுக்கலாம்?

பகலில், ஏறத்தாழ 105 கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்தாரை, அதாவது ஒடுங்கிய பலத்த மின்னோட்டம், ஓடுகிறது. அயன்கள் காற்றோடு மோதித் தேங்க, இலத்திரன்கள் விரைகின்றன. அந்த வேகம் அங்குள்ள அயன் ஒலி வேகத்தை (பிளாஸ்மாவில் ஒலி போன்ற அலை பரவும் வேகம்), அதாவது செக்கனுக்குச் சுமார் 360 மீற்றரைத் தாண்டினால் பிளாஸ்மாவில் அலைகள் எழும். 1963இல் பௌதிகவியலாளர்கள் ஃபார்லியும் புனேமனும் தனித்தனியே விளக்கியது இது. அழகான கணக்குத்தான். ஆனால் அலையைப் பார்க்க ரேடார் வேண்டுமே, யார் தருவது? காந்தமானி தாரையைக் காட்டும், அலையைக் காட்டாது.

இரவுக் குமிழி வேறு கதை. பொழுதுபட்டதும் அயன்மண்டலத்தின் மேற்படையான எஃப் படலத்தின் அடியில் அயன்களும் இலத்திரன்களும் மீளச் சேர்ந்து மறைகின்றன. மேலே அடர்த்தி அப்படியே நிற்கிறது. எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நிற்பது போன்ற நிலை. சின்ன அசைவு போதும், ஐதான பிளாஸ்மா குமிழியாகக் கிளம்பிவிடும். சிலவேளை 1000 கிலோமீற்றரையும் தாண்டும். அதனூடாக வரும் ஜிபிஎஸ் சிக்னல் மினுங்கும், சிலநேரம் அறுந்தே போகும். நில அளவையாளர்களுக்குத் தலையிடி, மாணவருக்குத் தரவு! மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், அதுவும் சூரியச் செயற்பாடு கூடிய ஆண்டுகளில், நிறையக் கிடைக்கும். வானம் மறையாத மேல்மாடியில் சிக்னல் வலுவை வேகமாகப் பதியும் ஒரு ரிசீவர் போதும், மேகமும் தடையில்லை.

என் தெரிவு குமிழிதான். கணினி உருவகப்படுத்தலில் கை தேர்ந்தவர் என்றால், சரி, மின்தாரைப் பக்கம் போகலாம்.