திரவமட்ட பீப்பர்: அறிவியல் வகுப்பில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

டம்ளர் விளிம்பில் கொக்கிபோல் மாட்டும் சின்னப் பெட்டி. உள்பக்கம் உலோகக் கம்பிகள் தொங்கும்; தண்ணீர் ஏறி அவற்றைத் தொட்டதும், அதன் வழியே மெல்லிய மின்சாரம் பாய்ந்து பீப் அடிக்கும். பார்வையற்றவர்கள் சிந்தாமல் காபி ஊற்றிக்கொள்ள வந்த சாதனம் இது. நாலாம், ஐந்தாம் வகுப்பில் ‘எது கரையும், எது மிதக்கும்’ சோதனையைப் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை தன் கையாலேயே செய்ய இது உதவும். ஆனால் பீப் ஒலி ‘நிறுத்து’ என்றுதான் சொல்லும், ‘இவ்வளவு மி.லி.’ என்று சொல்லாது.

கம்பி விளிம்பிலிருந்து கீழ்நோக்கித் தொங்குவதால், பாத்திரத்தின் அகலம் மாறினால் அளவும் மாறிவிடும். இதற்கு ஒரு வழி: நேராக நிற்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் 100 மி.லி. ஊற்றி மட்டத்தைக் குறியுங்கள். கம்பிகள் 3 செ.மீ. தொங்கினால், குறிக்கு 3 செ.மீ. மேலே பாட்டிலை வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் இன்சுலேஷன் டேப் ஒட்டாவிட்டால் விரலைக் கிழிக்கும். இனி அந்தக் குவளையில் பீப் அடித்தால் ஏறக்குறைய 100 மி.லி. கம்பி நீளம் மாடலுக்கு மாடல் வேறு, அளந்துவிட்டு வெட்டுங்கள்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டவே வேண்டாம். கம்பிகள் சுவரில் பட்டால், ஒரு சொட்டு ஊற்றும் முன்பே பீப் கத்தும். மிக லேசான பேப்பர் கப்பும் சரிப்படாது, பெட்டியின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாயும். அடியில் ஈரத்துணி விரித்தால் குவளை நகராது. கை நடுக்கமுள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி.

அடுத்த சிக்கல் எண்ணெய். அது மின்சாரத்தைக் கடத்தாது, கம்பி முழுக்க மூழ்கினாலும் சத்தமே வராது. அதைவிட மோசம், கம்பியில் படிந்த எண்ணெய்ப் படலத்தால் அடுத்து தண்ணீரில் வைத்தாலும் சும்மா இருக்கும். சோப்பு போட்டுக் கழுவினால் சரியாகும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் குறைவு, சில மாடல்கள் திணறும். சர்க்கரை சேர்த்துப் பயனில்லை, ஒரு சிட்டிகை உப்பு போதும். உப்புச் சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்காவிட்டால் கம்பி அரிக்கும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு சொட்டு தங்கினாலும் பொய் பீப்தான். வெந்நீர் ஆவி படிந்தாலும் அப்படித்தான்.

கீச்சென்ற ஒலி ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு ஒத்துவராது. ஒலித்துளைமேல் இரண்டு சுற்று டேப் ஒட்டினால் அடங்கும். காது கேளாத பிள்ளைக்கு அதிரும் மாடலைத் தேடுங்கள்.

துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சே மேல். 10 மி.லி. வரை இழுத்து, உருளை வாயை ஒட்டித் தண்டில் சிறு வெட்டு போடுங்கள். பிள்ளை தண்டில் நகத்தை வைத்து இழுத்தால் வெட்டு தட்டுப்படும், அங்கே நிறுத்த வேண்டியதுதான். எண்ணெயையும் அளக்கலாம், பேட்டரி தேவையில்லை. ஆழமாக வெட்டினால் தண்டு முறியும். பத்து பிள்ளைகளுக்குப் பத்து சிரிஞ்ச், வகுப்புக்கு ஒரு பீப்பர், இதுவே சரியான கணக்கு.

கடையில் சோதிக்கத் தண்ணீர் கேட்க வேண்டாம். விரலை நன்றாக நனைத்து இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தொடுங்கள், பெரும்பாலும் பீப் வரும். பேட்டரி மூடி திருகு போட்டதா என்றும் பாருங்கள். விரலால் திறக்கும் மூடி இருந்தால் உள்ளே இருக்கும் பட்டன் செல் குழந்தை வாய்க்குப் போகும் ஆபத்து உண்டு, அந்த மாடலை வாங்காதீர்கள்.