கஸ்டம்ஸ்காரர்கள் அள்ளிப்போன புத்தகக் கடை

லண்டனில் எல்லோரும் போகிற இடங்களைப் பார்த்து முடித்த பிறகு கையில் அரை நாள் மிச்சம் இருந்தது, மார்ச்மாண்ட் தெருவுக்குப் போனேன். 66ஆம் எண் கடை, பெயர் கேஸ் தி வேர்ட் (Gay's the Word). ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடை, கிங்ஸ் கிராஸில் இறங்கினாலும் பொடிநடையாகவே வந்துவிடலாம். 1979 ஜனவரியில் திறந்தார்கள். பெயர் 1951இல் வந்த ஒரு இசை நாடகத்திலிருந்து எடுத்தது. ரொம்ப காலம் பிரிட்டனிலேயே பால்புதுமையருக்கென்று (தன்பாலீர்ப்பாளர், திருநர் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல்) இருந்த ஒரே புத்தகக் கடை இதுதான்.

சின்னக் கடைதான், நம்ம ஊர் பழைய லெண்டிங் லைப்ரரி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவல், கவிதை, வரலாறு, சட்டம், திருநர் அனுபவங்கள், குழந்தைகளுக்கான படப்புத்தகம் எல்லாம் இருந்தன. எனக்குப் பிடித்தது யாரும் பின்னால் வந்து நின்று "என்ன வேணும்" என்று கேட்காததுதான். முக்கால் மணி நேரம் புரட்டிவிட்டு, பிரிட்டிஷ் காலனிகளின் சட்டங்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று நானே போய்க் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். ஒன்று எளிமையாக இருக்கும், இன்னொன்று கொஞ்சம் வழக்கறிஞர் மொழி என்று எச்சரிக்கையும் கொடுத்தார். நம்ம ஊரில் ஒரு பெரிய கடையில் இதே விஷயத்தைப் பற்றிக் கேட்டபோது அங்கிருந்த பையன் பக்கத்துப் பையனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். அதனால் இந்தச் சாதாரண மரியாதையே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. விலை மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும், பேப்பர்பேக் ஒன்று பத்து பவுண்டுக்கு மேல், நம் பணத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் நான் போனது இந்தக் கடையின் வழக்குக்காக. 1984 ஏப்ரல் 10 அன்று சுங்கத் துறை அதிகாரிகள் வந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள், இயக்குநர்களின் வீடுகளையும் சோதனை போட்டார்கள். போலீஸ் இல்லாமல் சுங்கத் துறை ஏன்? அங்கேதான் சூட்சுமம். பிரிட்டனிலேயே அச்சான புத்தகம் என்றால் ஆபாச வெளியீடுகள் பற்றிய 1959 சட்டப்படி அதற்கு இலக்கிய மதிப்பு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்றால் 1876ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், அதில் அந்த வாதமெல்லாம் எடுபடாது, "அநாகரிகம்" என்று சொன்னாலே போதும். இந்த மாதிரிப் புத்தகங்களைப் போட பிரிட்டிஷ் பதிப்பகங்கள் அப்போது தயங்கியதால் கடைக்கு வந்ததில் பெரும்பகுதி அமெரிக்கச் சரக்கு. வசமாக மாட்டினார்கள். பறிமுதலானதில் உலகமே கொண்டாடும் நாடகாசிரியர்களின், நாவலாசிரியர்களின் எழுத்துகளும் இருந்தன.

சதிக் குற்றச்சாட்டில் வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. 1986 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்பு சொன்னது: உள்நாட்டில் சட்டப்படி செய்து விற்கக்கூடிய பொருளை, ஒழுக்கத்தைக் காரணம் காட்டி மற்ற உறுப்பு நாடுகளிலிருந்து வரவிடாமல் தடுக்கக் கூடாது. அது எந்தப் பொருளைப் பற்றிய வழக்கு தெரியுமா? ஜெர்மனியிலிருந்து வந்த, காற்றடைக்கும் பொம்மைகள். குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை, புரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு கடை மீதிருந்த வழக்கும் நிற்கவில்லை, அந்த ஆண்டே கைவிட்டார்கள்.

இதைப் படித்துக்கொண்டே அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப் பிரிவுதான் நினைவுக்கு வந்தது. 1860இல் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், அதே சரக்கு சில இடங்களுக்கு அதே எண்ணில், சில இடங்களுக்கு வேறு எண்ணில் என்று இலங்கைக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனது. சட்டத்தை உலகம் முழுக்க ஏற்றுமதி செய்த நாடு, புத்தகம் இறக்குமதியானதும் பதறிப்போனது! நாம் 377இன் அந்தப் பகுதியை 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உதறினோம், சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022இல் நீக்கியது. இலங்கையில் 365, 365ஏ இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. அவர்கள் மட்டும் முன்னாடியே திருந்திவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அது குற்றமில்லை என்று சொன்ன 1967 சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், அதுவும் 21 வயது தாண்டிய இரண்டு ஆண்கள், தனிமையில். வடக்கு அயர்லாந்து 1982 வரை இழுத்தது, ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அதுவும்.

வாசலுக்கு மேலே மார்க் ஆஷ்டன் நினைவாக 2017இல் பதித்த பலகை இருக்கிறது, நிமிர்ந்து பார்க்காமல் போய்விடாதீர்கள். கடையில் புத்தகங்களை அள்ளிய அதே 1984இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் சேர்ந்து வாளி ஏந்திக் காசு திரட்டி வேல்ஸின் டுலாய்ஸ் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். அந்தக் குழு கூடிப் பேசிய இடம் இந்தக் கடை, அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மார்க். அடுத்த வருடம் பால்புதுமையரின் லண்டன் பிரைடு ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கொடியோடு வந்து நடந்தார்கள். மார்க் 1987இல் எய்ட்ஸில் இறந்தார், வயது 26.

அதற்கு அடுத்த வருடமே 28ஆம் பிரிவு என்ற சட்டம் வந்தது, உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை "ஊக்குவிக்க" கூடாது என்று. எதிர்த்துச் சில பெண்கள் பிரபுக்கள் சபைப் பார்வையாளர் மாடத்திலிருந்து கயிறு கட்டி உள்ளே இறங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000இல் போனது, மற்ற இடங்களில் 2003 வரை இருந்தது. தன்பாலினத் திருமணம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் 2014இல் வந்தது. அத்தோடு கதை சுபம் என்று சொல்ல முடியவில்லை, சமத்துவச் சட்டத்தில் "பெண்" என்றால் பிறப்புப் பாலினம்தான் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. திருநர் புத்தகங்கள் இருந்த அலமாரி முன்னால் நான் அதிக நேரம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

2007இல் வாடகை ஏறிக் கடையே மூடும் நிலைக்கு வந்ததாம், வாசகர்கள் அலமாரிக்கு அலமாரி பணம் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். போகிறவர்கள் ஒரு புத்தகமாவது வாங்குங்கள், சும்மா போட்டோ எடுத்துவிட்டு வராதீர்கள்.

நான் ஐந்து வாங்கினேன். திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். எனக்கு ஒரு நொடி சிரிப்பு முட்டியது. "எல்லாம் புக்கா?" என்றார். ஆமாம் சார் என்றேன். அடியில் கையை விட்டுத் துழாவினார், தங்கம் இல்லை என்று தெரிந்ததும் போகச் சொல்லிவிட்டார்.