கொல்லையில் பழங்காசு தேட அனுமதி கேட்டு வருபவர்கள்: ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒருநாள் யாராவது வாசல் மணியை அடித்து, "உங்கள் கொல்லையில் மெட்டல் டிடெக்டரை வைத்துப் பழங்காசு தேடிப் பார்க்கட்டுமா, கிடைப்பதில் சரிபாதி உங்களுக்கு" என்று பணிவாகக் கேட்டால், அந்த வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவரை உள்ளே விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடாதீர்கள். கடந்த ஆகஸ்டில் நான் அப்படித்தான் போனேன். பறிபோனதன் பணமதிப்பு பெரிதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏமாற்றிய விதமும், அவர் செய்த வேலைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நான் பதில் சொல்ல நேர்ந்ததும் இன்னும் உறுத்துகின்றன.

எங்கள் வீடு நியூஜெர்சியின் நடுப்பகுதியில் இருக்கிறது, 1926இல் கட்டியது. பின்வேலிக்கு அப்பால் ஒரு தொடக்கப்பள்ளியின் விளையாட்டுத் திடல். இத்தகைய இடங்களைத் தேடல்காரர்கள் ஏன் வட்டமிடுகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 10 சென்ட் காசான டைமும், 25 சென்ட் காசான குவார்ட்டரும், அரை டாலரும் 1964 வரை 90 விழுக்காடு வெள்ளியில் அடிக்கப்பட்டன. 1965 முதல் டைமும் குவார்ட்டரும் செம்பின் இருபுறமும் செம்பு-நிக்கல் தகடு போர்த்திய காசுகளாகிவிட்டன. ஆகவே அதற்கு முன் ஆள்நடமாட்டம் இருந்த புல்தரை, பிள்ளைகள் உருண்டு புரண்ட பள்ளித் திடல், துணி உலர்த்தக் கொடி கட்டிய மூலை, பெரிய மரத்தின் நிழல் ஆகிய இடங்களில் யாரோ ஒருவரின் பையிலிருந்து நழுவிய காசு, இன்று சில அங்குல ஆழத்தில் வெள்ளியாகவே கிடக்கும். எங்கள் கொல்லையின் தென்மூலையில் துருப்பிடித்த கொடிக்கம்பம் ஒன்று இன்னும் நிற்கிறது. வந்தவரின் கண் முதலில் அதன்மேல்தான் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால் உறை, இடுப்பில் இரண்டு அறைகள் கொண்ட பை, காதில் ஹெட்ஃபோன் என்று எல்லாம் முறையாக இருந்தன. ஒரு அறை குப்பைக்கு, மற்றொன்று காசுக்கு என்று அவரே விளக்கினார். எனக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. அன்று காலை பத்தரைக்கு ஒரு மீட்டிங் இருந்ததால், அரைமணி நேரம் உடன் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டேன். உடன் நின்ற அந்த நேரத்தில் அவர் எடுத்தவை சோடா டின்களின் இழுவளையங்களும், இரண்டு ஆணிகளும், பின்புறத்தில் கோதுமைக்கதிர் பொறித்த பழைய 1 சென்ட் காசான பென்னி ஒன்றும்தான். பென்னியை மண்ணோடு என் உள்ளங்கையில் வைத்து, ஆண்டைப் படிக்கச் சொன்னார். 1919 என்று படித்ததும் எனக்குச் சிறுபிள்ளை போல மகிழ்ச்சி வந்துவிட்டது. நம்பிக்கையைச் சம்பாதிக்க அந்த ஒரு பென்னியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மதியம் அவர் விடைபெறும்போது என் பங்கு என்று கொடுத்தவை ஆறு பென்னிகளும் இரண்டு டைம்களும். டைம்களைக் காட்டி, "அறுபதுகளின் வெள்ளி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒன்றில் 1965, மற்றொன்றில் 1967. மேலே எழுதியதைப் படித்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை. வெள்ளிக் காசின் விளிம்பு முழுவதும் வெண்மையாக இருக்கும். 1965 முதல் அடித்த டைமைக் குத்தாக நிறுத்திப் பார்த்தால் விளிம்பில் செம்பு நிறக் கோடு ஒன்று ஓடும். என்னிடம் தந்த இரண்டிலும் அந்தக் கோடு பளிச்சென்று தெரிகிறது. பத்து சென்ட்டுக்குமேல் ஒரு சென்ட்கூடப் பெறாதவை அவை. இன்னொரு முட்டாள்தனமும் அன்றைக்கே நடந்தது. காசுகளைத் தேய்த்துக் கழுவினால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதை நம்பி, 1919ஆம் ஆண்டுப் பென்னியைப் புளியும் விபூதியும் போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் போலத் தேய்த்தேன். நூறாண்டுப் பழுப்பு நிறம் போய், தோலுரித்த இளஞ்சிவப்பில் ஒரு காசு கையில் நின்றது. சேகரிப்பாளர்கள் அந்தப் பழுப்புக்குத்தான் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மாலையில் என் மாமியார், அவர் கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார், சமையலறை ஜன்னலைக் காட்டி, "மாப்பிள்ளை, நீங்க உள்ள போனப்புறம் அந்த மனுஷன் கொடிக்கம்பத்துக்கிட்ட ஒரே குழியில அரைமணி நேரம் மண்டியிட்டுக் கிடந்தாரே, என்ன கிடைச்சுதாம்?" என்று கேட்டார். அந்த மூலையைப் பற்றி நான் தேட வந்தவரிடம் விசாரித்தபோது, அங்கே துருப்பிடித்த பெரிய இரும்புத்துண்டு கிடந்தது, கருவியை ஏமாற்றிவிட்டது என்று பதில் வந்திருந்தது. இதில் பாதி உண்மை உண்டு என்பதுதான் இந்தப் பொய்யின் பலம். சிறிய ஆணி தாழ்ந்த, கரகரத்த ஒலியைத் தரும். வெள்ளியும் செம்பும் உயர்ந்த ஒலியைத் தரும். ஆனால் துருவேறிய பெரிய இரும்பு சில சமயம் வெள்ளியைப் போலவே பாடும். ஹெட்ஃபோனை மாட்டியிருப்பவருக்கு மட்டுமே கேட்கும் ஒலியைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் நாம் தலையாட்டத்தான் வேண்டும். "இரும்புதானாம், அத்தை" என்று சொல்லி அன்று நான் பேச்சை முடித்துவிட்டேன்.

பத்து நாளில் புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றின. முறையாகத் தோண்டுபவர்கள் புல்லை லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கத்தை வேரோடு விட்டு, மூடியைப் போலத் திருப்பி, கீழே துணி விரித்து மண்ணைப் போட்டு, எடுத்தபின் அப்படியே மூடி மிதித்துவிடுவார்கள். இவரோ சுற்றிலும் வேரறுத்து, கட்டியாகப் பெயர்த்து, மேலே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகஸ்ட் வெயிலில் அது பிழைக்குமா? போதாததற்கு, தெளிப்பான் குழாய் ஒன்றும் வெட்டுப்பட்டிருந்தது. தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற எண்ணை அழைத்தால் மின்சாரம், எரிவாயு போன்ற பொது இணைப்புகள் போகும் வழியை இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். ஆனால் நம் சொந்தத் தெளிப்பான் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அதை நாம்தான் கொடி நட்டுக் காட்ட வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். செப்டம்பரில் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் கொல்லையை முடித்த கையோடு அந்த ஆசாமி வேலியோரமாகப் பள்ளித் திடலுக்குள்ளும் இறங்கியிருக்கிறார். விடுமுறையில் அங்கே காவலிருந்த பணியாளர் கேட்டதற்கு, "பக்கத்து வீட்டுக்காரர் அனுமதித்திருக்கிறார், அவருக்காகத்தான் தேடுகிறேன்" என்று எங்கள் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார். திடலில் பதினான்கு குழிகள், பாதி சரியாக மூடப்படாதவை. பிள்ளைகள் ஓடும் இடத்தில் கணுக்கால் மடங்க ஒரு குழி போதும். என் மகள் படிக்கும் பள்ளி அது. அலுவலகத்தில் நின்று, அந்த மனிதர் எனக்கு யாரென்றே தெரியாது என்று நான் விளக்கியபோது, எதிரிலிருந்த அம்மையாரின் முகத்தில் அவநம்பிக்கை தெளிவாகவே தெரிந்தது. இங்கே அரசுப் பள்ளியின் நிலம், பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்துக்கு உரியது. அதில் தேட மாவட்ட அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ காவலாளியோ அதைத் தர முடியாது. உங்கள் வீடும் பள்ளியை ஒட்டியிருந்தால், தேட வருபவரிடம் எல்லை எது என்பதை வேலியைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

உண்மை வெளிவந்தது அக்டோபரில். கொல்லைத் தேடலைப் பற்றிய வீடியோக்களை ஆத்திரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபதுகளில் கட்டிய வீட்டில் கிடைத்த வெள்ளி என்ற பொருளில் தலைப்பிட்ட ஒன்று எதிர்ப்பட்டது. முகம் காட்டாத கைகள், கரிய மண், ஒரு கம்பத்தின் அடிப்பகுதி. கம்பம் எங்கும் இருக்கும். ஆனால் கேமரா ஒரு நொடி நிமிர்ந்தபோது, பின்னால் மரப்படியில் அரிசிமாக் கோலம் ஒன்று தெரிந்தது. மாமியாரை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தவர், "நான் போட்டதுதான். வலது ஓரத்துல ஒரு இழை சேராம நிக்குது பாருங்க, அந்த ஆளு வந்து மணியடிச்சாரேன்னு பாதியில எழுந்துட்டேன்" என்றார். எந்த நாள், எந்த வேளை என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த ஒரே குழியிலிருந்து அவர் ஏழு காசுகளை எடுத்தார். ஓர் அரை டாலர், இரண்டு குவார்ட்டர்கள், 1945 வரை அடித்த பழைய வகையான மெர்க்குரி டைம்கள் நான்கு, எல்லாமே வெள்ளி. துணி உலர்த்த வந்த யாருடைய பையோ பர்ஸோ விழுந்து, துணி மக்கி, காசுகள் மட்டும் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. முகமதிப்பு 1 டாலர் 40 சென்ட். எடை சுமார் 35 கிராம், அதில் வெள்ளி 31.5 கிராம். வெள்ளி விலைக்குப் போட்டால் இதற்காகப் பகை தேட வேண்டியதில்லை என்று யாரும் சொல்வார்கள். ஆனால் ஒரு டைமில் 1916 என்ற ஆண்டைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து காட்டியவர், மற்றவற்றையெல்லாம் இருபுறமும் திருப்பிக் காட்டியவர், அதன் பின்புறத்தை மட்டும் காட்டவே இல்லை. மெர்க்குரி டைமில் எந்த நாணயச் சாலையில் அடித்தது என்ற எழுத்து பின்புறத்தில்தான் இருக்கும். 1916இல் டென்வரில் அடித்தவை 2,64,000 மட்டுமே. அந்தச் சிறிய 'டி' இருந்தால் தேய்ந்த காசுக்கும் பல நூறு டாலர் தருவார்கள். பிலடெல்பியாவில் அதே ஆண்டு அடித்தவை 2 கோடிக்கும் மேல் என்பதால், எங்கள் காசு பெரும்பாலும் சாதாரணமானதாகவே இருந்திருக்கும். பின் ஏன் திருப்பவில்லை என்ற கேள்வி இன்னும் போகவில்லை.

இங்கே இன்னொரு தவறு செய்தேன். வீடியோவை முழுதாகப் பதிவிறக்கி வைக்காமல், கோபத்தில் உடனே அவருக்கு எழுதிவிட்டேன். வாயால் அனுமதி கொடுத்தீர்கள், பங்கையும் வாங்கிக்கொண்டீர்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறுநாள் வீடியோ காணாமல் போயிற்று. என் மகள் விளையாட்டாக எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்கள் மட்டும் மிஞ்சின. காவல் நிலையத்தில் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இது உரிமையியல் தகராறு என்று சொல்லி அனுப்பினார்கள். மண்ணில் புதைந்த பொருளை நில உரிமையாளருக்கே உரியதாக அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் கருதியிருக்கின்றன என்றாலும், என்ன பேசிக்கொண்டோம் என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல், வழக்கறிஞருக்குக் கொடுக்கும் காசு எடுத்த காசைவிடப் பல மடங்கு ஆகிவிடும்.

ஆகவே அனுமதிப்பதானால் அரைப்பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாள், நேரம், எந்தப் பகுதி, பங்கு எப்படி என்பவற்றோடு, வீடியோ எடுத்தால் ஒரு பிரதி உங்களுக்கு வர வேண்டும் என்பதையும், குப்பையானாலும் தோண்டிய ஒவ்வொன்றையும் குழியருகிலேயே காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய அடையாள அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி ஒலியை வெளியே வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கருவிகளில் அது முடியும். வறண்ட கோடையில் வேண்டாம், மழைக்குப் பின் வரச் சொல்லுங்கள். உங்களுக்கு நேரமில்லையென்றால் வேறொரு நாள் என்று சொல்லிவிடுங்கள். நூறாண்டு கிடந்த காசுக்கு இன்னும் ஒரு வாரம் கிடப்பதில் தொல்லையில்லை. இதற்கெல்லாம் முகம் சுளிப்பவர் அப்படியே திரும்பிப் போகட்டும்.

எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் எழுத வேண்டும். நவம்பரில், அலுவலக நண்பர் வழியாக அறிமுகமான ஒரு முதியவர் வந்தார். நான் தாளை நீட்டுவதற்கு முன்பே தன்னுடைய தாளை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு இழுவளையத்தையும் காட்டினார். அதே கொடிக்கம்பத்தின் அடியில், முதலாமவர் இழுவளையம் என்று நினைத்து ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு மந்தமான ஒலியைத் தோண்டச் சொல்லி எங்களிடமே சிறுமண்வெட்டியைக் கொடுத்தார். 5 சென்ட் நிக்கல் காசும் இழுவளையமும் கருவியில் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்குமாம். வந்தது ஒரு பஃபலோ நிக்கல். 1913 முதல் 1938 வரை அடித்த வகை. ஆண்டு பொறித்த இடம் தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. பாதி பங்கு என்று எழுதியிருந்தும் அதை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். மாமியார் ஊருக்குப் புறப்படுமுன் அதைப் புளி போட்டுக் கழுவட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, மண் ஒட்டியபடியே மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.