மலிவு விலை எக்ஸ்பிரஸ் பாஸ்: 16,400 ரூபாய் போய்விட்டது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

திருச்சிக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. பெட்டிகளைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிடுகிற ஆட்களை நம்பித்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது.

விஷயம் இதுதான். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்குக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் மலிவாகத் தருகிறேன் என்ற ஒருவனிடம் 16,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். நான்கு பேருக்கு, ஆளுக்கு 4,100. பூங்காவின் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்றவன் பெயரையோ குழுவின் பெயரையோ போடப்போவதில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பான். பயணச் சலுகைகளைப் பகிரும் ஒரு பெரிய அரட்டைக் குழு, அதில் 'டீல்' போடும் ஒரு ஆள். அந்த அடையாளம் போதும். இந்த மாதிரிக் குழு உங்கள் போனிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

எக்ஸ்பிரஸ் பாஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அது உள்ளே போகும் டிக்கெட் இல்லை. நுழைவு டிக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும், அதற்கு மேல் இதையும் வாங்கினால் பொது வரிசையில் நிற்காமல் தனி வழியில் ரைடுக்குப் போகலாம். சாதா எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு ரைடுக்கு ஒரே ஒரு தடவை. அன்லிமிடெட் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். விலை நாளுக்கு நாள் மாறும். கூட்டம் அதிகமான நாட்களில் நுழைவு டிக்கெட் விலையையே எட்டிப் பிடிக்கும், தாண்டவும் செய்யும். அந்த விலையைப் பார்த்த வயிற்றெரிச்சலில்தான் நம்மைப் போன்றவர்கள் 'சலுகை' தேடிப் போகிறோம்.

நாங்கள் போனது மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. நம் ஊரில் பள்ளி திறப்பதற்குள் போய்வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை அப்போதுதான் தொடங்குகிறது என்பது விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் உறைத்தது. விடுமுறை, அதுவும் சனிக்கிழமை. வரிசை எப்படி இருக்கும் என்று நினைத்தாலே தலை சுற்றியது. என் சித்தப்பா மகன்தான் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டான். "அண்ணே, இவர்கிட்ட நிறையப் பேர் வாங்குறாங்க, பாருங்க" என்றான். பார்த்தேன். பூங்கா வாசலில் சுற்றும் அந்தப் பெரிய உருண்டைக்கு முன்னால் நின்று சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். கீழே "நன்றி பிரதர்", "சூப்பர் பிரதர்". இருபது, முப்பது இருக்கும்.

சந்தேகம் வராமல் இல்லை. நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை, பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிற வேலை. பூங்காவின் சொந்தத் தளத்தில் அந்தத் தேதிக்குக் காட்டிய விலையோடு ஒப்பிட்டால் நான்கு பேருக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் வரை மிச்சம். இவ்வளவு எப்படிக் குறையும் என்று கேட்டேன். மொத்தமாக வாங்கும் ஏஜென்ட் ஒருவரிடம் மீந்துபோனவை என்றான். அதற்கு நான் நம்பியிருக்க மாட்டேன். நம்பியது அடுத்ததற்குத்தான்.

"அப்படியானால் நுழைவு டிக்கெட்டையும் உங்களிடமே வாங்கிவிடலாமா?" என்று கேட்டேன். உடனே ஒரு குரல் செய்தி வந்தது. "வேண்டாம் சார், என்ட்ரி டிக்கெட்டை அவங்க சைட்லயே வாங்கிடுங்க. குடும்பத்தோட போறீங்க, ரிஸ்க் எடுக்காதீங்க. எக்ஸ்பிரஸ் மட்டும் என்கிட்ட எடுங்க, போதும்."

அந்த இடத்தில் விழுந்தேன். கூடுதல் வியாபாரம் வேண்டாம் என்று சொல்கிறவன் திருடனாக இருப்பானா? வீட்டுக்காரியிடமும் அந்தக் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். "நல்ல மனுஷன் போல" என்றாள். யூபிஐ-யில் 16,400 அனுப்பினேன், ஒரு தனிநபர் பெயருக்கு. அரை மணி நேரத்தில் நான்கு பிடிஎஃப் வந்தது. கியூஆர் கோடு, தேதி, விதிமுறைகள் எல்லாம் அச்சு அசலாக. பாஸில் இருந்த பெயர் மட்டும் எங்களுடையது இல்லை. கேட்டதற்கு, "அது பல்க் பையர் பெயர் சார், அங்கே பார்க்க மாட்டாங்க" என்றான்.

அவன் ஏன் நுழைவு டிக்கெட்டை விற்கவில்லை என்பது இப்போது புரிகிறது. அது செல்லாவிட்டால் வாசலிலேயே தெரிந்துவிடும், அப்போதே சத்தம் போடுவோம். எக்ஸ்பிரஸ் செல்லாவிட்டால் தெரியவரும்போது உள்ளே இருப்போம், வெயிலில், பிள்ளைகளோடு, அரைகுறை ரோமிங் இணைப்போடு. எவ்வளவு சண்டை போட முடியும்?

சரி, அன்றைக்கு நடந்தது. ஹார்பர்ஃப்ரண்டில் இறங்கி, மோனோரயில் பிடித்து, திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். முதலில் ஜுராசிக் பார்க் படகுச் சவாரி. எக்ஸ்பிரஸ் வழியில் போனிலிருந்த கியூஆர் கோடை நீட்டினேன், பச்சை விளக்கு. நான்கு பேருக்கும் பச்சை. பொது வரிசையில் நிற்கிறவர்களைத் தாண்டிப் போகும்போது ஒரு மிதப்பு, பொய் சொல்வானேன். தொப்பலாக நனைந்து வெளியே வந்தோம். பையன் பச்சை மழைக்கோட்டுக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டு சிரித்தான். படம் எடுத்துப் பாஸ் விற்றவனுக்கே அனுப்பினேன். "வேலை செய்கிறது, ரொம்ப நன்றி பிரதர்" என்று எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன்.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர்ஸ். பலகையில் 90 நிமிடம் என்று காட்டியது. நாங்கள் நேராக எக்ஸ்பிரஸ் பக்கம் போனோம். முதல் கோடு சிவப்பு. இரண்டாவது சிவப்பு. நான்கும் சிவப்பு. அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, இந்த ரைடுக்கு இந்தக் கோடுகள் இருபது நிமிடத்துக்கு முன்பே பயன்படுத்தப்பட்டுவிட்டன என்றார். நாங்கள் இருபது நிமிடத்துக்கு முன் டைனோசர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் பின்னால் நின்றவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே. மகளுக்கு பதிமூன்று வயது, "அப்பா, வாங்க போகலாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

விருந்தினர் சேவை கவுண்டருக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் போனை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் குடும்பத்துப் பெண் தன் கணவரிடம் தமிழில் புலம்பிக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என் போனைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்களும் அவன்கிட்டதானா?" என்றார். கோயம்புத்தூர்க்காரர்கள். அவர்களும் நான்கு பேர். இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே பெயர், அதே எண்கள், கோப்பின் பெயர்கூட அதே. டிரான்ஸ்ஃபார்மர்ஸில் எங்கள் கோடுகளைப் பயன்படுத்தியது அவர்கள். படகில் அவர்களுடைய கோடுகளைப் பயன்படுத்தியது நாங்கள். பாஸ் போலி இல்லை, உண்மையானதுதான். ஒரே பாஸை எத்தனை பேருக்கு விற்றானோ தெரியாது. யார் முதலில் நீட்டுகிறார்களோ அவர்களுக்குப் பச்சை. இரண்டு குடும்பமும் காலையிலிருந்து ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடியிருக்கிறோம், தெரியாமலே.

கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். ஒரே கோடு பல கைகளில் இருப்பதால் அதை நிறுத்திவைத்தார். வெளியாளிடம் வாங்கியதற்கு அவர்களால் பணம் தர முடியாது, வாங்கிய இடத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். நியாயம்தான்.

வாங்கிய இடத்தில் கேட்டேன். முதல் பதில்: "ஸ்கிரீன் பிரைட்னஸ் கூட்டுங்க சார்." இரண்டாவது: "அந்த ஸ்டாஃபுக்குத் தெரியாது, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க." கோவைக் குடும்பத்தைப் பற்றி எழுதினேன். அரை மணி நேரம் மௌனம். பிறகு, "சிஸ்டம் எரர், சப்ளையர்கிட்ட பேசுறேன்." மாலை நான்கு மணிக்கு வந்த பதிலை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "நீங்க ஒரு ரைடு யூஸ் பண்ணிட்டீங்களே சார், அதனால ஃபுல் ரீஃபண்ட் வராது. ஒன்றைக் கழிச்சுட்டு மீதி ஏழு வேலை நாள்ல வரும்." கழிக்கிறானாம்! கணக்கு எழுதுகிறவனிடம்!

ஊருக்கு வந்ததும் பார்த்தால் அவன் படம் மறைந்திருந்தது, செய்திக்கு ஒரு டிக் மட்டும். குழு நிர்வாகியிடம் கேட்டேன். "இங்கே டீல் போடுறவங்களுக்கு நாங்க பொறுப்பில்லை, விதிமுறையில் இருக்கு" என்று எழுதிவிட்டு அடுத்த நிமிடம் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். வங்கிக்குப் போனேன். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், யாரும் திருடவில்லையே என்றார்கள். மூன்று மேசை மாறி உட்கார்ந்தும் அதே வாக்கியம். இணைய மோசடிகளுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது. 16,400 வருமா என்று வீட்டில் யாரும் இப்போது கேட்பதில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. என் பையன் 118 சென்டிமீட்டர். மம்மி ரைடுக்கு 122 வேண்டும், கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. பாஸ் நல்லதாகவே இருந்திருந்தாலும் பெரிய ரைடுகள் இரண்டிலும் அவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். அவனுக்கும் 4,100 கொடுத்தேன். விற்றவன் உயரம் கேட்கவில்லை, நானும் அளக்கவில்லை.

பயணத்துக்கு முன்னால் 'தீம் பார்க்கில் வரிசைக்குப் பணம் மிச்சம் பிடிப்பது எப்படி' என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. தோன்றுவதை மட்டும் கொட்டிவிடுகிறேன்.

எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால் பூங்காவின் சொந்தத் தளத்திலோ, உள்ளேயே விற்கும் இடத்திலோ வாங்குங்கள். முதலில் உள்ளே போய் வரிசைப் பலகைகளைப் பார்த்துவிட்டுக்கூட வாங்கலாம், ஆனால் நெரிசல் நாளில் தீர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வாங்குவதற்கு முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். தனிநபருக்கு யூபிஐ அனுப்பவே அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டு என்றால் வங்கியில் சண்டை போட ஒரு வழியாவது இருக்கும். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே 1930-க்கு அழையுங்கள். 'ஏழு வேலை நாள்' என்பது பணம் திரும்பி வருவதற்கான கெடு இல்லை, பணம் கணக்கு மாறி மாறிப் போய்ச் சேர்வதற்கான கெடு. நான் இரண்டு நாள் காத்திருந்தேன், முட்டாள்.

இன்னொன்று. சில ரைடுகளில் தனி ஆள் வரிசை என்று ஒன்று உண்டு. குடும்பமாக ஒரே வண்டியில் உட்கார முடியாது, காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையில் ஏற்றிவிடுவார்கள், காசு கிடையாது. அன்று மாலை மகளும் நானும் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் அப்படித்தான் போனோம். இருபத்தைந்து நிமிடம். அவள் முன் வண்டியில், நான் பின் வண்டியில். இறங்கி வந்து, "இது ஃப்ரீயாப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

நேற்று இரவு சித்தப்பா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதே ஆள், வேறு எண், வேறு குழு. ஜூன் மாதத் தேதிகளுக்கு எக்ஸ்பிரஸ் பாஸ், ஆளுக்கு 3,900. கீழே மகிழ்ச்சியான வாடிக்கையாளர்களின் படங்கள். முதல் படத்தில் பச்சை மழைக்கோட்டில் ஒரு பையன் சிரிக்கிறான், பக்கத்தில் நனைந்த தலையோடு ஒரு பெண், பின்னால் ஈரப் புடவையில் என் மனைவி. "வேலை செய்கிறது, ரொம்ப நன்றி பிரதர்" என்று என் எழுத்திலேயே இருக்கிறது. அந்தப் படம் உங்கள் குழுவுக்கும் வந்தால், அந்தப் பையனின் அப்பா நான்தான். வாங்காதீர்கள்.