கீழ்த்தட்டுச் சுவர் ஒழுக்கு: இன்ஜெக்‌ஷன் அடித்த பிறகு வந்த மழைக்காலங்கள்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் எங்கள் வீட்டுக் கீழ்த்தட்டுப் பின்சுவர் வெடிப்புகளுக்கு இன்ஜெக்‌ஷன் அடித்தோம். அதாவது, துளை போட்டு வெடிப்புக்குள் அடைக்கும் மருந்தைப் பம்ப் பண்ணி ஏற்றினோம். தண்ணீர் வந்த வெடிப்புகளுக்கு நுரைத்து அடைக்கும் பொலியூரித்தேன், காய்ந்து கிடந்த ஒன்றுக்குப் பசை போல ஒட்டி இறுகும் எபொக்சி. பொலியூரித்தேன் ஏற்றிய இடங்கள் இன்றுவரை ஒழுகவில்லை. எபொக்சி ஏற்றிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. அது மருந்தின் குற்றமில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீடு ஹட்டன் பக்கம். சரிவில் கட்டுகிற எல்லாரையும் போல, ரோட்டு மட்டத்தில் மேல்தட்டு, மண்ணை வெட்டி இறக்கி அதற்குக் கீழே இன்னொரு தட்டு. முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து ஜன்னல். பின்பக்கம் ஆளுயரத்துக்கும் மேல் மண். அக்கா அங்கேதான் தையல் மெஷின்களைப் போட்டு வேலை செய்கிறார். மே பிறந்தால் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றான வட்டவளை எங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் பின்சுவரில் கோடு கோடாகத் தண்ணீர் இறங்கும். துணி ரோல்களில் பூஞ்சணம் பிடிக்கும். பிளக் பொயின்ட்டில் கை வைக்கவே பயமாக இருக்கும்.

ஹாட்வெயார் கடையில் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது உட்பக்கம் பூசும் வோட்டர்ப்ரூஃப் பெயின்ட். இந்த மாதிரிச் சுவருக்கு அது நிற்காது. சுவருக்குப் பின்னால் மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பாரம் தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் வெடிப்பு வழியாக வந்து பெயின்டைப் பின்னாலிருந்து தள்ளும். கூடவே சீமெந்திலுள்ள உப்பும் வெளியே வந்து வெள்ளையாகப் பூத்து, பெயின்டைத் தோல் தோலாக உரித்துவிடும். வெடிப்பைச் சுவரின் முழுக் கனத்துக்கும் அடைத்தால்தான் வழி. இன்ஜெக்‌ஷன் செய்வது அதைத்தான்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் மருந்தைவிட அதுதான் முக்கியம். வெடிப்பு எந்த ஜாதி என்று பார்க்க வேண்டும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வைத்தோம். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கொங்கிரீட் காயும்போது சுருங்கி விடும் வெடிப்பு பெரும்பாலும் நேராக மேலிருந்து கீழே, மயிரிழை போல ஒரே அகலத்தில் இருக்கும். இன்ஜெக்‌ஷனுக்கு ஏற்றது அதுதான். சாய்வாக ஓடி, ஒரு பக்கம் அகலமாகிக்கொண்டே போகிற வெடிப்பு, சுவர் உள்ளே வயிறு தள்ளி நிற்பது, கதவு திடீரென்று இறுகுவது, மேலே மண்மேட்டிலேயே தரை பிளந்து கிடப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் மருந்து ஏற்றும் ஆளைக் கூப்பிடாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடமும், மண்சரிவு அபாயத்தைக் கவனிக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலும் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகள்) மண்ணோடு போனதை நாம் மறக்க முடியாது. அதே ஆண்டுக் கடைசியில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் இறங்கத் தொடங்கிய பிறகு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்தன. நிலம் அசைவதால் வரும் வெடிப்பை மருந்து ஊற்றி மூடினால், எச்சரிக்கையை மூடியதாகத்தான் ஆகும்.

சரி, வேலைக்கு வருவோம். எங்கள் பின்சுவர் எட்டு அங்குலக் கனத்தில் கம்பி கட்டி ஊற்றிய கொங்கிரீட். அதனால்தான் இந்த முறை பொருந்தியது. பக்கச்சுவர் கருங்கல் கட்டு. அதற்கும் ஏற்றலாமா என்று கேட்டபோது வேலைக்கு வந்த பாஸ் (மேஸ்திரி) மறுத்துவிட்டார். கருங்கல் இடுக்குகளிலும் புளொக் கல்லின் பொந்துகளிலும் மருந்து போகிற போக்கில் போய்விடும், எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது என்றார். நேர்மையான ஆள். சில இடங்களில் புளொக் கல் சுவருக்கும் ஏற்றிக் காசு வாங்கியிருப்பதைப் பிறகு பார்த்தேன். அடுத்த மழைக்கே அவை ஒழுகின.

வெடிப்பிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் துளை போட்டார்கள். அப்படிப் போட்டால் துளை போய் வெடிப்பைச் சுவரின் நடுக்கனத்தில் சந்திக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மேலே போனார்கள். கம்பியில் தட்டினால் சத்தம் மாறும். உடனே நிறுத்தி, கொஞ்சம் தள்ளி வேறு துளை போட்டார்கள். பிறகு தூசியை ஊதி எடுத்து, பேக்கர்களை (துளையில் இறுகி நின்று மருந்தை உள்ளே விடும் குழாய் முனைகளை) செருகி இறுக்கி, முதலில் வெறும் தண்ணீரைப் பம்ப் பண்ணினார்கள். உள்ளே இருக்கும் மண்ணும் தூளும் கழுவிப் போக வேண்டும். பொலியூரித்தேனுக்கு ஈரமும் தேவை, அது தண்ணீரோடு சேர்ந்துதான் நுரைத்துப் பெருகும்.

மருந்தைக் கீழ்த் துளையிலிருந்து தொடங்கினார்கள். பையன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். “பாஸ், மேல் ஓட்டையில வருது” என்றதும் பம்ப் நின்றது. அந்தத் துளைக்குப் பைப்பை மாற்றினார்கள். வெடிப்பின் வாயிலிருந்து முதலில் தண்ணீர் தள்ளப்பட்டு வந்தது, பிறகு தண்ணீரும் நுரையும் கலந்து, பிறகு பால் பொங்குவது போல மஞ்சள் நுரை. கொஞ்ச நேரத்தில் அது கெட்டியானது. அதுவரை இறங்கிக்கொண்டிருந்த நீர்க்கோடு எங்கள் கண்முன்னால் மெலிந்து நின்றது. மருந்து கண்ணிலும் தோலிலும் படக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்களை வீட்டின் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எபொக்சி இதற்கு நேரெதிர். அது காய்ந்த வெடிப்புக்கு. இறுகினால் கொங்கிரீட்டையே திரும்ப ஒட்டிவிடும், பாரம் தாங்கும், ஆனால் வளையாது. எங்கள் குளிருக்கு இன்னொரு சிக்கல். காலையில் அது பாகாய்க் கெட்டியாகி, மெல்லிய வெடிப்புக்குள் இறங்க மறுக்கும். பாஸ் டின்களை வெந்நீர்ப் பேசினில் வைத்து எடுத்த பிறகுதான் ஓடியது. நுவரெலியா உயரத்தில் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இறுகுவதற்கும் அங்கே கூடுதல் நேரம் பிடிக்கும்.

இனி அதற்குப் பிறகு நடந்தவை. முதல் மழைக்காலம் முழுக்கச் சுவர் காய்ந்திருந்தது. அக்கா துணி ரோல்களைப் பின்சுவர்ப் பக்கமே அடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜூலையில் தரையும் சுவரும் சேரும் மூட்டில் ஈரம் கண்டது. வெடிப்பில் வழி இல்லையென்றதும் தண்ணீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. தரையை ஒரு நாளும் சுவரை இன்னொரு நாளும் ஊற்றும்போது அந்த மூட்டு எப்போதும் மென்மையான இடம்தான். அதற்கும் பொலியூரித்தேன் ஏற்றினோம். ஆனால் அந்த முறை அதோடு விடவில்லை. பின்னால் மண்மேட்டின் மேல் ஒரு கான் (வடிகால்) வெட்டி, மழைத்தண்ணீரைச் சுவர்ப் பக்கம் வரவிடாமல் ஓரமாகத் திருப்பினோம். கூரைத் தண்ணீரும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கூரை ஓரத்தில் பீலி வைத்து முன்பக்கம் கொண்டுவந்தோம். கருங்கல் கட்டில் அடைந்து கிடந்த நீர்த்துவாரங்களைக் குத்தித் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீர் பீச்சியடித்தது. இவ்வளவு பாரத்தையா இந்தச் சுவர் சுமந்துகொண்டிருந்தது என்று திகைத்துப் போனோம். என் அனுபவத்தில் இன்ஜெக்‌ஷன் பாதி வேலை, கான் மறுபாதி. தோட்டங்களில் கான் வெட்டிப் பழகிய நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. வீட்டைச் சுற்றி மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை வந்தபோதுதான் உண்மையான பரீட்சை. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் உயிரையும் வீட்டையும் இழந்த நாட்கள் அவை. நாங்களும் எச்சரிக்கை கேட்டு வீட்டை விட்டுப் போயிருந்தோம். அந்த நேரத்தில் சுவர் ஒழுகுகிறதா என்று பார்க்க வீட்டில் நிற்பது மடத்தனம். திரும்பி வந்து பார்த்தபோது பொலியூரித்தேன் ஏற்றிய வெடிப்புகளில் ஒரு சொட்டு இல்லை. தரை மூட்டில் ஓரிடத்தில் மட்டும் கை வைத்தால் குளிர்ச்சி தெரிந்தது. எபொக்சி ஏற்றிய வெடிப்பு அப்படியே உறுதியாக இருந்தது, ஆனால் அதிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி, கூடவே ஓடுவது போல ஒரு மயிரிழை விட்டிருந்தது. சுவர் அந்த இடத்தில் சற்று அசைகிறது என்று அர்த்தம். எபொக்சி கொங்கிரீட்டைவிடப் பலமானது. ஆகவே அசைவு வந்தால் ஒட்டிய இடம் விடாது, பக்கத்திலுள்ள கொங்கிரீட்தான் விடும். அங்கே மறுபடி மருந்து ஏற்றவில்லை. கண்ணாடித் துண்டு ஒட்டி, கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு அறிவித்திருக்கிறோம். அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை அதைத் தொடப்போவதில்லை.

செலவைப் பொறுத்தவரை, மருந்து இறக்குமதிப் பொருள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இரண்டாவது தடவை கேட்ட விலை முதல் தடவையைவிட மிக அதிகம். அப்படியும், பின்பக்க மண்ணைத் தோண்டி எடுத்து வெளிப்பக்கம் பூசுவதோடு ஒப்பிட்டால் குறைவுதான். சரிவான காணியில் அப்படித் தோண்டுவதே ஆபத்து. விலை பேசும்போது அடிக்கணக்கா, மருந்துக் கணக்கா என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கணக்கென்றால் திறக்காத டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஒழுகினால் திரும்ப வந்து ஏற்றுவார்களா என்பதை எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் பேக்கரைக் கழற்றித் துளையைச் சுருங்காத சீமெந்துக் கலவையால் அடைக்க வேண்டும். சிலர் மேலே மட்டும் தட்டிவிட்டு, உள்ளே பேக்கரை விட்டுப் போகிறார்கள். பிறகு துருக்கறை இறங்கும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். எபொக்சிக்குச் சுவர் காய்ந்திருக்கும், பொலியூரித்தேனுக்குத் தண்ணீரை நாமே ஏற்றிக்கொள்ளலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை என்பதால் அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பேசி வையுங்கள்.