குடிநீர்க் குழாய்க்கும் கடைமடை உண்டு: ஊர் போரா, கொள்ளிடத் தண்ணீரா?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு, வீட்டுக்கு ஒரு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 2009இல் வந்த தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் இது 40 லிட்டராக இருந்தது. டெல்டாவில் அந்தக் குழாய்க்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்: ஊருக்குள்ளேயே ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது, அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கொள்ளிடத் தண்ணீரை வாங்குவது. எது நல்லது என்பது, உங்கள் ஊர் ஆற்றுக்குப் பக்கமா கடலுக்குப் பக்கமா என்பதைப் பொறுத்தது.

திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கத்து ஊர்களுக்கு ஊர் போரே மேல். மோட்டார் பழுதானால் அன்று மாலையே தூக்கிவிடலாம். ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் கையில் எல்லாம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு 55,000 லிட்டர் வேண்டும். 30,000 லிட்டர் தொட்டியை இரண்டு முறை நிரப்பினால் போதும். வண்டல் மணலில் போடும் போரில் பெரிய தொல்லை மணல் ஏறுவதுதான். ஃபில்டர் குழாயின் துளை மணலுக்குப் பொருந்தவில்லை என்றாலோ, சுற்றிலும் சரளை சரியாக நிரப்பவில்லை என்றாலோ, கம்ப்ரசர் விட்டுத் தண்ணீர் தெளியும் வரை சேற்றை எடுக்காமல் மோட்டாரை இறக்கினாலோ, மணல் மோட்டாரின் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தை, தேய்த்துவிடும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுவது அந்தக் கடைசி வேலையில்தான். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

இரும்பு இருந்தால் பாத்திரத்தில் செங்காவி படியும். தரக் கட்டுப்பாட்டு அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதற்கு மேல் போனால், தண்ணீரைக் காற்றுபடத் தட்டுகளில் வழியவிட்டு மணல் வடிகட்டியில் விடுவதே எளிய வழி. அந்த மணலை அவ்வப்போது பின்னோட்டமாகக் கழுவாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர் பக்கம் போனால் கதை மாறுகிறது. மணல் மேட்டு ஊர்களில் உப்புத் தண்ணீரின் மேல் நன்னீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. பெரிய மோட்டாரை வைத்து மணிக்கணக்கில் இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. வேறு சில இடங்களில் மேலடுக்கு உப்பு, ஆழத்தில் நல்ல தண்ணீர். அங்கே இரும்புக் கேசிங் (போரின் சுவர்க் குழாய்) துருப்பிடித்தால் மேல் உப்பு உள்ளே இறங்கிவிடும், பி.வி.சி. கேசிங் போட்டு, மேலடுக்கைச் சிமென்ட்டால் அடைப்பது கட்டாயம். கரைந்த உப்புக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. இந்த ‘வேறு வழி இல்லாத’ சலுகையைக் காட்டி, கொள்ளிடக் குழாய் எட்டும் ஊரில் புது போர் போடுவதை ஏற்கவே கூடாது.

போர்த் தண்ணீரைச் சோதிக்க மாதிரி எடுப்பது மே மாதத்தில்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நவம்பரில் எடுத்த மாதிரி எந்தப் போரையும் நல்ல போராகக் காட்டும்.

கொள்ளிடத் தண்ணீரின் பலம் சுவையும் சீரான தரமும். ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளில் மணலே பாதி வடிகட்டிவிடுகிறது. பலவீனம் தூரம். ஆற்றிலிருந்து கடற்கரை வரை எத்தனை நீருந்து நிலையம், எத்தனை தரைமட்டத் தொட்டி! அதில் ஒன்று நின்றாலும் பின்னால் இருக்கும் ஊர்கள் எல்லாம் காயும். மணல் அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டால் கோடையில் கிணற்றுக்கு வரும் ஊற்று குறைகிறது. வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும் குழாய் ஆபத்தில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்த பிறகு, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்களில் ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டி நிரப்பினார்கள். சொந்தப் போர் இருந்த ஊருக்கு அது உதவியது. போர்களை மூடிவிட்டுக் கூட்டுத் திட்டத்தை மட்டும் நம்பும் ஊருக்கு ஜெனரேட்டர் வந்தும் பயனில்லை. ஆகவே கொள்ளிடத் தண்ணீர் வந்த மறுநாள் பழைய போரின் மின் இணைப்பைத் துண்டிப்பது பெரிய தவறு. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது அதை ஓட்டி வையுங்கள்.

இரண்டையும் ஒரே தொட்டியில் கலப்பது பல ஊர்களில் நடக்கிறது. கலக்கலாம், கணக்கோடு. கரைந்த உப்பு லிட்டருக்குப் போரில் 1,400 மில்லிகிராம், கொள்ளிடத்தில் 350 என்று வையுங்கள். பாதிப் பாதி கலந்தால் 875 ஆகிவிடும். 500க்குள் நிற்க வேண்டுமானால் ஒரு பங்கு போருக்கு ஆறு பங்கு கொள்ளிடம் வேண்டும். முடிந்தால் போர்த் தண்ணீரைத் தனித் தொட்டியில் ஏற்றிக் குளிக்க, துவைக்கக் கொடுங்கள்.

உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. நிலையத்தை இவற்றோடு போட்டிக்கு நிறுத்த முடியாது. அது கேன் தண்ணீருக்கு உதவும். 55 லிட்டருக்கு உதவாது. பாதித் தண்ணீரை வெளியே தள்ளினால் அந்தக் கழிவில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அதைக் குளத்தில் விடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீரானாலும் கடைசித் தெருவில் தோற்பது குழாயால்தான். 12 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து 63 மில்லிமீட்டர் குழாயில் விநாடிக்கு 2 லிட்டர் ஓடினால், ஒரு கிலோமீட்டரில் உராய்வு மட்டுமே சுமார் 15 மீட்டர் அழுத்தத்தைத் தின்றுவிடும். அதாவது தண்ணீர் போய்ச் சேராது. அதே நீளத்துக்கு 90 மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 3 மீட்டருக்குள். மதிப்பீட்டில் குழாய் அளவைக் குறைத்து மிச்சம் பிடித்த ஊரில்தான் வாசலில் குழி தோண்டித் தரைக்குக் கீழே குழாய் வைப்பார்கள், மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள். மழையில் குழி நிரம்பும்; தண்ணீர் விடுவது நின்றதும் குழாய் அந்த அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டாரைப் பறிமுதல் செய்வதால் மட்டும் இது தீராது. தெருவுக்குத் தெரு வால்வு வைத்து, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் போலக் கடைமடைத் தெருவுக்கு, அதாவது கடைசித் தெருவுக்கு, முதல் அரை மணி நேரம், பிறகு தொட்டியடித் தெருவுக்கு என்று திறக்க வேண்டும். களிமண் கோடையில் வெடித்து இணைப்புகளை அசைக்கும். குழாயைச் சாலைக்கடியில் ஒரு மீட்டர் ஆழத்தில், மணல் படுக்கை மேல் போடுங்கள்.

குளோரின் கணக்கும் இதோடு சேர்ந்ததே. 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். மூட்டையைத் திறந்தே வைத்திருந்தால் வீரியம் இறங்கிவிடும். அளவு சரியாக இருந்தும் பயன் இருக்காது. சோதனையைத் தொட்டியடியில் செய்யாதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.